புத்தகம் படிக்க ஒரு போன்

“புத்தகம் படிக்க நல்ல போனா ஒண்ணு காட்டுங்க” என்று கடையில் கேட்டுப் பாருங்கள். காமிரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும், எந்த விளையாட்டெல்லாம் திணறாமல் ஓடும் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும், உங்களுக்குத்தான் ஒன்றும் பயன்படாது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வருகிறவர்களில் படிப்பதற்கென்று போன் கேட்பவர் அபூர்வம். ஆகவே கேள்விகளை நாம்தான் தயார் செய்துகொண்டு போக வேண்டும். அதில் முதல் கேள்வி போனைப் பற்றியதே அல்ல. நீங்கள் படிக்கப்போவது எந்த மாதிரிப் புத்தகம்?

தமிழில் கிடைக்கும் மின்னூல்கள் இரண்டு சாதி. ஒன்று, எழுத்துகளாகவே இருப்பது. இபப், கிண்டில் கோப்புகள் இந்த வகை. திரை சின்னதோ பெரியதோ, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும். மற்றொன்று, பக்கம் பக்கமாக உறைந்து நிற்பது. பிடிஎஃப் அப்படிப்பட்டது. அதிலும் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், உள்ளே இருப்பது எழுத்துகூட அல்ல, எழுத்தின் படம். இபப் பிசைந்து வைத்த முறுக்கு மாவு, எந்த அச்சில் போட்டாலும் பிழியலாம். பிடிஎஃப் சுட்டெடுத்த முறுக்கு.

எழுத்து வகையில் படிக்க இன்று நிறையவே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை யூனிகோடில் கிடைக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப் ஆகவும், ஏ4 பிடிஎஃப் ஆகவும், சின்னத் திரைக்கென்றே வடிவமைத்த 6 அங்குல பிடிஎஃப் ஆகவும் வைத்திருப்பார்கள். போன்காரர்கள் ஏ4 பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் பலவற்றை இபப் ஆக இறக்கிக்கொள்ளலாம். அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு வழிவிட்ட பிறகு, விலைக்கு வாங்கும் புதிய புத்தகங்களும் இந்த வகையில் சேர்ந்துகொண்டன.

ஸ்கேன் வகைக்கு வேறு வீடுகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ். அரிய பதிப்புகளும் பழைய பத்திரிகைகளும் வேண்டுமென்றால் இங்கேதான் போயாக வேண்டும். உங்கள் படிப்பு பெரும்பாலும் இந்தப் பக்கம் என்றால் மேற்கொண்டு படிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: போனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு டேப்லெட் பாருங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

போன் விளம்பரத்தில் 6.7 அங்குலம் என்று போட்டிருப்பது திரையின் மூலைவிட்டம். படிக்கிறவருக்குத் தேவை அகலம். இப்போதைய போன்கள் ஒல்லியாக நெட்டையாக வளர்ந்தவை. 20:9 என்ற விகிதத்தில் 6.7 அங்குலத் திரையின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். எட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் எல்லார் கையிலும் இருந்த 5.5 அங்குல போனின் விகிதம் 16:9. அதன் அகலம் ஏறக்குறைய 6.9 சென்டிமீட்டர். அதாவது இத்தனை வருடத்தில் ‘திரை பெரிதாகிவிட்டது’ என்று நாம் கொடுத்த காசெல்லாம் உயரத்துக்கே போயிருக்கிறது, வரியின் நீளத்தில் ஒரு எழுத்துகூடக் கூடவில்லை. பழைய 6 அங்குலக் கிண்டில் கருவி 4:3 விகிதம் என்பதால் அதன் அகலம் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூலைவிட்டத்தில் போனைவிடச் சின்னது, படிக்கையில் பெரியது.

இந்த 7 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கேன் புத்தகத்தைத் திறப்போம். தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் டெம்மி அளவு, அகலம் 14 சென்டிமீட்டர். முழுப் பக்கமும் திரையில் தெரிந்தால் எல்லாம் பாதியாகச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து ஐந்தரைப் பாயின்ட் ஆகிவிடும். ஏ4 பக்கம் என்றால் மூன்றில் ஒரு பங்காகும், 12 பாயின்ட் 4 பாயின்ட் ஆகும். விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டு எத்தனை பக்கம் படிக்க முடியும்?

ஆனால் போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் கணக்கு தலைகீழாகிறது. இப்போது அகலம் பதினைந்தரை சென்டிமீட்டர், டெம்மிப் பக்கத்தைவிட அதிகம். எழுத்து அச்சில் இருந்த அளவுக்கே வந்துவிடும், ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குப் பக்கம்தான் தெரியும், அவ்வளவே. கூடவே ரீட்எரா, லிப்ரெரா, கேஓரீடர் போன்ற செயலிகளில் ஓரத்து வெள்ளையை வெட்டிவிடும் வசதி இருக்கிறது. சுற்றிலும் விட்டிருக்கும் இடத்தை வெட்டினால் எழுத்துப் பரப்பு மட்டும் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். அது பதினைந்தரையாக விரியும்போது 11 பாயின்ட் எழுத்து 15 பாயின்ட் ஆகிறது, மூலப் புத்தகத்தைவிடத் தெளிவு. நெட்டையாக வளர்ந்த போனால் படிப்பவருக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். ஸ்கேன் படங்களில் சொற்களைப் பிரித்தெடுத்து வரிவரியாக மடக்கித்தரும் வசதியும் கேஓரீடரில் உண்டு. நல்ல அச்சுக்கு நன்றாகவே வேலை செய்யும், மங்கிய பழைய தாளில் தடுமாறும். இரண்டு பத்தி, மூன்று பத்தியாக அச்சான பழைய இதழ்களுக்கோ இந்த வித்தைகள் எதுவும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. அதற்குத்தான் டேப்லெட் என்றேன், அதுவும் பத்து அங்குலத்தை ஒட்டியது.

இனி எழுத்து வகைப் புத்தகம் படிப்பவர்களுக்கு. பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம்தான் இருப்பார்கள், இவர்களுக்குப் போன் தாராளமாகப் போதும். இவர்கள் பார்க்க வேண்டியது திரையின் நெருக்கம், அதாவது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் என்ற கணக்கு.

மலிவு விலைப் போன்களில் பெரும்பாலும் எச்டி பிளஸ் திரை இருக்கும். 720க்கு 1600 பிக்சல். 6.5 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு 270 ஆகிறது. அடுத்த படியில் ஃபுல் எச்டி பிளஸ், 1080க்கு 2400. அதே 6.5 அங்குலத்தில் இது 405. கிண்டில் பேப்பர்வொய்ட் 300 வைத்திருக்கிறது. வீடியோ பார்க்கிறவருக்கு 270க்கும் 405க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆங்கிலம் படிப்பவர்கூடச் சமாளித்துவிடுவார். தமிழுக்குத்தான் இது உறைக்கும். ன, ண, ள என்று சுழித்துக்கொண்டு நிற்கும் எழுத்துகள் நமக்கு. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று, அத்தனையும் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்க வேண்டும். 270 திரையில் அந்த உயரத்துக்குக் கிடைப்பது 21 பிக்சல், 405 திரையில் 32. மேலே வைக்கும் புள்ளிக்கு அதில் மூன்று, நான்குதான் மிஞ்சும். புள்ளி மங்கினால் மெய் எது, உயிர்மெய் எது என்று கண் ஒரு கணம் தயங்கும். தப்பாகப் படித்துவிட மாட்டோம், வாக்கியம் காப்பாற்றிவிடும். ஆனால் பக்கத்துக்கு இருபது முறை தயங்கினால் அரைமணி நேரத்தில் கண் சலித்துவிடும், காரணம் என்னவென்றும் புரியாது.

எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறையும். அறுபதைக் கடந்த அம்மா அப்பாவுக்கு வாங்குகிறீர்கள், அவர்கள் எப்படியும் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கித்தான் படிப்பார்கள் என்றால் எச்டி பிளஸ் திரையே போதும், மிச்சப் பணத்தைச் சேமிக்கலாம். மற்றவர்கள் ஃபுல் எச்டி பிளஸ்ஸுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன். படிப்புக்காகக் கூடுதல் காசு கொடுப்பதென்றால் இந்த ஒன்றுக்குக் கொடுங்கள்.

திரை எல்சிடியா, அமோலெட்டா என்ற கேள்விக்கு இப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அமோலெட்டில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், வெயிலிலும் பொதுவாக நன்றாகத் தெரியும். இரவில் கறுப்புப் பின்னணியில் படித்தால் பேட்டரியும் மிச்சம். ஆனால் ஒரு சங்கதி உண்டு. பல அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, உண்மையில் விளக்கை மங்கலாக்குவதில்லை. நொடிக்கு இருநூற்றுச் சொச்சம் முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு வெளிச்சம் குறைந்ததுபோல் தெரிகிறது. பலருக்கு இது ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலைவலி, கண்ணில் ஒரு கூச்சம். இரவில் விளக்கணைத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்துவைத்து மணிக்கணக்கில் பார்க்கிறவர்களைத்தான் இது முதலில் பிடிக்கும், அதாவது படுக்கையில் நாவல் படிக்கிறவர்களை. கடையிலேயே சோதிக்கலாம். வாங்கப்போகும் போனின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, உங்கள் பழைய போனின் காமிரா வழியாக அதன் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாக நகர்ந்தால் சிமிட்டல் பலமாக இருக்கிறது என்று பொருள். சில கம்பெனிகள் சிமிட்டும் வேகத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கின்றன, சிலவற்றில் அணைத்து ஏற்றாமலே வெளிச்சத்தைக் குறைக்கும் டிசி டிம்மிங் என்ற ஏற்பாடு இருக்கும். ஏற்கெனவே அமோலெட் போன் வைத்திருந்து தொந்தரவு ஏதும் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் திரை என்று பெரிதாக விளம்பரம் செய்வார்களே, அது படிப்புக்குத் தேவையில்லை. பக்கம் அசையாமல் நிற்கிறது, நாம் படிக்கிறோம்.

நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லித் தனிக் கண்ணாடி விற்கிறார்கள். திரையின் நீல ஒளி கண்ணுக்குச் சேதம் செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் உலர்கிறது, அதுதான் எரிச்சல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பார்ப்பது என்ற பழக்கத்துக்குக் காசு ஆகாது. இருட்டில் மிகக் குறைந்த வெளிச்சமும் கூசுகிறதென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் ‘எக்ஸ்ட்ரா டிம்’ என்ற அமைப்பு இருக்கிறது. ஐபோனில் வெள்ளைப் புள்ளியைக் குறைக்கும் அமைப்பு அதே வேலையைச் செய்யும்.

ப்ராசஸர், ரேம் விஷயத்தில் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய தமிழ் நாவலின் இபப் கோப்பே சில எம்பிதான் வரும், அதைத் திறக்க எந்தப் போனும் திணறாது. ஸ்கேன் பிடிஎஃப் அப்படியல்ல, ஒரு புத்தகமே நூறு எம்பியைத் தாண்டும். பக்கம் புரட்டினால் வெள்ளையாக நின்று யோசிக்கும். அதற்கு 6 ஜிபி ரேமும், மெமரி கார்டு போட ஒரு துளையும் இருந்தால் நல்லது. மற்றபடி அதிவேகச் சில்லுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் விளையாட்டுக்காரர்களுக்கானது.

எடையை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். இப்போதைய பெரிய போன்கள் 200 கிராமைச் சுற்றி நிற்கின்றன. உறை போட்டால் இன்னும் கூடும். சட்டைப் பையில் அது தெரியாது. மல்லாந்து படுத்து ஒரு கையில் தூக்கிப் பிடிக்கும்போது சுண்டுவிரலுக்குத் தெரியும். கடையில் ஒரு நிமிடம் அல்ல, ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். மடக்கு போன்களில் புத்தகம்போல் விரிவது படிக்க அருமையான அகலம் தரும். ஆனால் விலையும் மடங்கு மடங்காக ஏறும், படிப்புக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானால் பக்கம் புரட்டும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம்தான்.

போன் வாங்கிய பிறகும் பாதி வேலை பாக்கி, அது செயலியில். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் 7 சென்டிமீட்டர் வரியில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். இருபுறமும் நேராக நிரப்பும் அமைப்பில் விட்டுவைத்திருந்தால், மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். அச்சுப் புத்தகத்துக்கு அழகாக இருப்பது போனில் அசிங்கம். ஆகவே முதல் காரியமாக வரிகளை இடது ஓரத்தில் மட்டும் சேர்த்துவையுங்கள், வலது ஓரம் எப்படியோ போகட்டும். இரண்டாவது, வரிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேலே கொக்கியும் கீழே வாலுமாக நீளும் எழுத்துகளுக்கு ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளி போதாது. மூன்றாவது எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. மூன் ரீடர், கேஓரீடர் போன்ற செயலிகளில் நமக்குப் பிடித்ததை ஏற்றிக்கொள்ளலாம். நெருக்கம் குறைந்த திரையில் மெலிந்த எழுத்துருவைத் தவிர்த்துச் சற்றுத் தடித்ததைப் போட்டால் அந்தப் புள்ளிப் பிரச்சினைகூடப் பாதி தீர்ந்துவிடும்.

கிண்டிலில் வாங்கிய புத்தகம் போனில் பெரும்பாலும் கிண்டில் செயலியில் மட்டுமே திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் அங்கே இவ்வளவு சுதந்திரம் இல்லை. வெளியே இறக்கிய இபப் கோப்புகளை 2022 முதல் கிண்டிலுக்கு அனுப்பிவைக்க முடிகிறது, பழைய மோபி கோப்புகளுக்கு இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய மோபி குவியல் வைத்திருப்பவர்கள் அவற்றை இபப் ஆக மாற்றிக்கொள்ளலாம், கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி திறக்கும் வசதி ஆங்கிலத்தில் சுகமாக இருக்கும். தமிழில் ‘மரத்தடியிலிருந்து’ என்று அழுத்தினால் அகராதிக்குத் திகைப்புத்தான், வேர்ச்சொல்லை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். தேடலிலும் ஒரு பொறி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் பார்வைக்குத் தமிழாகவே தெரியும். உள்ளே யூனிகோடு இல்லாததால் தேடினால் எதுவும் சிக்காது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கந்தரகோலமாக விழும். இது போனின் கோளாறு அல்ல, போனை மாற்றினாலும் தீராது. மறுபக்கம், யூனிகோடில் இருக்கும் புத்தகத்தைப் போனே வாய்விட்டுப் படித்துக்காட்டும். கூகுளின் பேச்சு எந்திரத்துக்குத் தமிழ் தெரியும். நாடகத்தனமாக எல்லாம் படிக்காது, கட்டுரைகளுக்குப் பழுதில்லை. கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு இது காமிராவைவிடப் பெரிய வசதி.

கிண்டில் கருவியில் இருப்பதுபோன்ற மின்தாள் திரை வைத்த போன் கிடையாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரஷ்யாவின் யோட்டாபோன் 2013லேயே முதுகில் மின்தாள் திரையோடு வந்தது. சீனத்து ஹைசென்ஸ் முழுக்க மின்தாளிலேயே சில போன்களை விட்டது. 2023இல் பூக்ஸ் பால்மா வந்தது. 6.13 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல், 170 கிராம். வடிவம் போன், ஆண்ட்ராய்டு ஓடும், ஆனால் அதில் சிம் போட முடியாது. இவை எதுவும் நம் ஊர்க் கடையில் எட்டும் பொருளாக ஆகவில்லை. பால்மாவின் அகலமும் அதே 7 சென்டிமீட்டர்தான் என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்கு இதம், வரிக்கு நீளம் கூடாது.

கடைக்குப் போகும்போது ஒரு இபப் கோப்பையும் ஒரு ஸ்கேன் பிடிஎஃப் கோப்பையும் கையோடு கொண்டு போங்கள். வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டாலும் சரி, பென்டிரைவானாலும் சரி. காட்சிக்கு வைத்திருக்கும் போனில் அவற்றைத் திறக்கச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் பிடித்து, இரண்டு பக்கம் உண்மையிலேயே படியுங்கள். பிறகு வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு பக்கம். திரையின் அகலமும் பிக்சல் நெருக்கமும் அட்டைப்பெட்டியில் இருக்காது. ஜிஎஸ்எம்அரீனா தளத்தில் அந்த மாடலைத் தேடினால் நெருக்கம், எடை, போனின் அகலம் எல்லாம் இருக்கும். போனின் அகலத்தில் ஆறேழு மில்லிமீட்டரைக் கழித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். கடைக்குக் கிளம்பும் முன் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போனையும் ஒருமுறை அங்கே தேடிப்பாருங்கள். ஃபுல் எச்டி திரையும் உப்பாத பேட்டரியும் இருந்து, நீங்கள் விரும்பும் செயலி அதில் இன்னும் ஏறுகிறதென்றால், சிம்மைக் கழற்றிவிட்டு அதைப் புத்தகத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.